மூன்று பீப்

பழைய கம்ப்யூட்டரில் ஆடிட்டர் லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது 'பீப், பீப், பீப்' என்று கேட்டது.

"மெமரி கோளாறு!" என்றார். வீட்டில் எது கெட்டாலும் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நிற்பவர். சமையலறைப் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தார். பாதி ஏறியதும் மறுபடி பீப்.

"ஃபேன்ல தூசி இருக்குமோ, அத்தான்?" சமையலறையில் அக்காவோடு அரட்டையடித்துக்கொண்டிருந்த மைத்துனன் எட்டிப் பார்த்தான். அந்தக் கம்ப்யூட்டர் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். எவ்வளவு கேட்டும் அத்தான் மசியவில்லை.

தூசியை ஊதினார். பீப். எரிச்சலில் பிளக்கையே பிடுங்கினார். அப்போதும் பீப்!

"கரன்ட் இல்லாமலே கத்துதேடா!" அவருக்கு வியர்த்துவிட்டது.

"அப்ப மதர்போர்டே போச்சு. வெடிச்சுக்கிடிச்சு வைக்கப் போகுது, தள்ளி நில்லுங்க. வேணும்னா நான் கொண்டுபோய்க் கடாசிடறேன்."

"புண்ணியமாப் போகும், தூக்கிட்டுப் போ!"

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அவன் பெட்டியோடு கிளம்பினான். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார் ஆடிட்டர்.

பீப், பீப், பீப்.

தூக்கிவாரிப்போட்டது. சத்தம் வந்த வழியே சமையலறைக்குள் நுழைந்தார். மனைவி மைக்ரோவேவ் கதவைத் திறந்தாள். சத்தம் நின்றது.

"இதுவா கத்திச்சு?"

"சூடானதை வெளியே எடுக்கிற வரைக்கும் விட்டு விட்டுக் கத்தும். நான் அப்பவே எடுக்கப் போனேன். தம்பிதான், 'நான் கிளம்பற வரைக்கும் திறக்காதேக்கா'ன்னான். எதுக்குங்க?"