பின்னுக்கு நிற்கிற மாப்பிள்ளை

தொம்!

லொறியிலிருந்து அரிசி மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம். வேலிச்செடியைச் சுற்றிக்கொண்டு போன பிறகுதான் மைதானமே கண்ணில் பட்டது.

“அந்த நெட்டைப் பொடியன்தான் அண்ணை, ஆரணன். பந்தைக் குத்தினது அவன்தான்” என்றார் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த கிருஷ்ணராசா.

வாமதேவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். லண்டன் குட்மேய்ஸில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மகள் தயாளினிக்குப் பேசி வந்த மாப்பிள்ளையை, மாப்பிள்ளைக்குத் தெரியாமல் பார்ப்பதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு நகரத்தின் மறுகோடியில் இருக்கும் சட்டன் வரைக்கும் வந்திருக்கிறார்.

இப்படிப் பார்ப்பதில் அவர் கைதேர்ந்தவர். ஒருத்தன் சூப்பை உறிஞ்சிக் குடித்தான், வேண்டாம். ஒருத்தன் காரை நிறுத்த மூன்று தரம் முன்னும் பின்னும் எடுத்தான், வேண்டாம். தயாளினிக்கு முப்பத்தொரு வயதாகிவிட்டது. படத்தைப் பார்த்து, “எனக்குப் பிடிச்சிருக்கு அப்பா” என்று அவள் வாய் திறந்து சொன்னது இந்த ஒருவனைத்தான்.

“மெல்பேர்ணில வளர்ந்த பொடியன். இஞ்சை அக்கவுண்டன்ட். சனிக்கிழமையில உந்த அவுஸ்திரேலியன் ஃபுட்போல், கையாலயும் விளையாடுறது.”

“உயரம் காணும். ஏன் பின்னுக்கு நிக்கிறான்?”

“அவன் டிஃபெண்டர் அண்ணை. மற்றவனைக் கோல் போடவிடாமல் மறிக்கிறவன்.”

“இவன் எத்தினை கோல் போட்டவன்?”

“போடுறது இவன்ர வேலை இல்லை.”

“ம். பொறுப்பில்லை.”

தொம்! எதிராளியின் தலைக்கு மேலால் எழும்பி, வந்த பந்தை ஆரணன் மறுபடியும் குத்தி அனுப்பினான்.

“பார்த்தீரோ? கைக்கு வந்ததைப் பிடிக்காமல் குத்திவிடுறான். நாளைக்குக் குடும்பத்திலயும் உப்பிடித்தான்.”

“பிடிக்கப்போனால் தவறலாம். குத்தினால் மற்றவனுக்கும் கிடையாது. அதுதான் இதில கெட்டித்தனம்.”

“உந்தச் செம்பட்டைத் தலையனோடயே ஒட்டிக்கொண்டு திரியிறான்.”

“அவன் எதிர்ப்பக்கத்து ஆள், அவனை மறிக்கிறதுதான் இவன்ர வேலை. ஒருத்தரைப் பிடிச்சால் விடமாட்டான் அண்ணை. மாப்பிளைக்கு வேற என்ன வேணும்?”

“நீர் சும்மா இரும். நான் கோச்சாய் இருந்தால் உந்த உயரத்தை முன்னுக்கெல்லோ விட்டிருப்பன். பின்னுக்கு நிண்டு பழகினவன் வாழ்க்கையிலயும் பின்னுக்குத்தான்.”

வாமதேவன் தன் வாழ்நாளில் விளையாடிய ஒரே விளையாட்டு கரம்போர்ட். அதிலும் விரலால் அடித்ததை விட வாயால் அடித்ததுதான் அதிகம்.

போன் அடித்தது. மனைவி அமராவதி. சிக்னல் போதவில்லை. “பொறு, பொறு” என்றபடி கோல் கம்பங்களின் பக்கமாக நடந்தார். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“ஓம், கேக்குது... உயரம் இருக்கு, உருப்படியாய் ஒண்டும் இல்லை...”

பின்னால் தடதடவென்று கால்கள். யாரோ ஆங்கிலத்தில் கத்தினார்கள். தரை அதிர்ந்தது.

திரும்பினால், எட்டித் தொடுகிற தூரத்தில் ஆரணன் குப்புறக் கிடந்தான். அவனைத் தாண்டி வந்த பந்தைப் பிடித்த செம்பட்டைத் தலையன் கம்பங்களுக்கு நடுவால் உதைத்துத் தள்ளினான். விசில். ஆரணனின் அணி தோற்று ஆட்டம் முடிந்தது.

“இஞ்சை பார் அமராவதி! வெல்லுற ஆட்டம். பந்து வரேக்கை நிலத்தில விழுந்து படுத்திட்டான். கடைசி நேரத்தில பின்வாங்கிறவன். இவன் எங்களுக்குச் சரிவராது.”

ஒரு கடமையைச் செய்து முடித்த திருப்தியோடு போனை வைத்தார்.

கோச் ஓடிவந்தார். சிவந்த வெள்ளைக்காரர், மேலும் சிவந்திருந்தார்.

“பந்து உன் கையில்தானே வந்தது! என்ன நடந்தது?”

“சறுக்கிவிட்டது” என்றான் ஆரணன், முழங்கை இரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு.

“சறுக்குகிறவனை எந்த இடத்தில் விடுவது? அடுத்த கிழமை நீ வெளியே இரு.”

எல்லோரும் கலைந்தார்கள். ஆரணன் கம்பங்களில் சுற்றிக் கட்டியிருந்த மெத்தைகளை அவிழ்க்கத் தொடங்கினான்.

கோல் கம்பத்தருகே நின்ற வெள்ளை மேலங்கி போட்ட நடுவர் வாமதேவனிடம் வந்தார்.

“ஐயா, எல்லைக் கோட்டுக்கு உள்ளே நின்று போன் பேசிய ஆளை இன்றுதான் பார்க்கிறேன். அந்தப் பையன் தன்னைத் தானே விழுத்தியிருக்காவிட்டால் நீங்கள் இப்போது ஆம்புலன்சில் போய்க்கொண்டிருப்பீர்கள்.”

வாமதேவன் குனிந்து பார்த்தார். வெள்ளைக் கோடு அவருக்குப் பின்னால் கிடந்தது. கிருஷ்ணராசா மிகுந்த அக்கறையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்லப் போய், “தம்பி...” என்றார் வாமதேவன்.

“அங்கிள், உங்களுக்கு ஒண்டும் படேல்லைத்தானே?”

“நீர் ஏன் கோச்சிட்டைச் சறுக்கினது எண்டு சொன்னனீர்?”

“உண்மையைச் சொன்னால் அவர் உங்களோட கொழுவ வந்திருப்பார். அந்தாளுக்கு வாய் சரியான மோசம்” என்று சிரித்தான். “அதை விடுங்கோ. நீங்கள் ஆரைப் பார்க்க வந்தனீங்கள்?”

சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் புல்லில் கிடந்த பைக்குள் அவனுடைய போன் அடித்தது.

“ஓம் சித்தி... இண்டைக்கோ? இஞ்சை வந்தோ பார்த்தவை?... ஓ.”

கேட்டுக்கொண்டிருந்தான். ‘வேண்டாம்’ என்ற செய்தியை மாப்பிள்ளை வீட்டுக்குச் சேர்ப்பிப்பதில் அமராவதி ஒருநாளும் சுணங்கியதில்லை. நல்ல பழக்கம்.

“என்னவாம் சித்தி? கடைசி நேரத்தில பின்வாங்கிறவனாமோ?”

ஆரணன் நிமிர்ந்து வாமதேவனைப் பார்த்தான். அவர் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

“கோவமொண்டும் இல்லைச் சித்தி. அவையில பிழை இல்லை. நான் பின்வாங்கினது உண்மைதான்.”

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பாதியில் விட்ட மெத்தையின் அடுத்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.