குனிய வைத்த சன்னல்

“குனிஞ்சு பேசும்மா, காதுல விழல!”

கூட்டுறவுச் சங்கக் கூடத்தின் பலகைத் தடுப்பிலிருந்த சின்னச் சன்னலுக்குள்ளிருந்து, கணக்கெழுதும் கிராணி கலியாணசுந்தரத்தின் குரல் சீறியது. நிறைமாதக்காரியான தெய்வானை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தாள். முடியாமல் திரும்பிப் போனாள். வரிசையில் நின்ற சாரதாம்பாள் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அதே கூடத்தில் நடந்த காஜா பெராங் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் அவள் தன் யோசனையை வைத்தாள். இங்கும் செமாபோக், புக்கிட் கட்டில் ஆகிய ஊர்க் கிளைகளிலும் ஒரே விதி: சன்னல் பலகைகள் நகர வேண்டும். வெளியே நிற்பவர் தன் வசதிக்கு ஏற்றலாம், இறக்கலாம், அகலமாக்கலாம். வர்ணமும் பூவேலையும் அந்தந்தக் கிளையின் விருப்பம். தலைவரிடம் கேட்டு, மாதிரிக்கு இந்தத் தடுப்பிலேயே பலகைகளைப் பொருத்தியும் வைத்திருந்தாள்.

“வெளிய நிக்கிறவன் இஷ்டத்துக்கு இழுக்க, இது என்ன நாடகத் திரையா?” சன்னலுக்குள்ளிருந்தே கேட்டார் கலியாணசுந்தரம். கூட்டத்துக்குக்கூட மகாராஜா வெளியே வரவில்லை.

ஆள் சிரம்பானிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எல்லாரும் வருமுன் வருவார், எல்லாரும் போன பின் போவார். நல்ல பேர் வாங்கத்தான் இந்த நடிப்பு என்று சாரதாம்பாள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். அடுத்தவன் குனிவதைப் பார்த்தே வயிறு நிறைகிற ஜன்மம்! வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினாலும் இதுபோன்ற ஆட்கள் அவர்கள் நாற்காலியை விடமாட்டார்கள்.

“மெர்டேக்கா வரப்போவுது, கிராணியாரே. சொதந்திரம் வந்தும் எங்க சனங்க உங்க முன்னால குனிஞ்சே நிக்கணுமா?”

“குனிஞ்சா முதுகு ஒடஞ்சிடாது. பழைய சன்னலே போதும்.”

“டீச்சர், அது வந்து...” என்று ஆரம்பித்தார் தலைவர் மாணிக்கவாசகம். உள்ளேயிருந்து கலியாணசுந்தரம் ஒரு பார்வை பார்த்தார். தலைவர் வாயை மூடிக்கொண்டார்.

தலைவரையே அடக்குகிற திமிர்! சாரதாம்பாள் விறுவிறுவென்று தடுப்பருகே போனாள்.

“வேணாம்மா, விடுங்க,” என்றார் கிராணி.

“ஏன், ஒங்க சிம்மாசனத்த நாங்க பாக்கக் கூடாதா?”

மேல்பலகையை உயர்த்தினாள். கீழ்ப்பலகையை ஒரே தள்ளாகப் பக்கவாட்டில் தள்ளினாள். தடுப்பு தரைவரைக்கும் திறந்துகொண்டது.

கலியாணசுந்தரம் பதறிப்போய் மடியிலிருந்த துண்டைக் கீழே இழுத்துவிட்டார்.

“இப்ப சன்னலும் பெருசு, நீங்களும் பெரிய மனுசன். எந்திரிச்சு நின்னு மரியாதையா பதில் சொல்லுங்க!”

கூடத்தில் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. அவர் கைகள் துண்டை விடவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, முதல் முறையாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் புடிச்சிட்டுப் போனப்பவே ரெண்டு காலும் போயிடுச்சு, டீச்சர்.”