மேற்கோள் சரியாகட்டும்

“இந்த அடைப்புக்குறியெல்லாம் போகாம என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா” என்று ஆய்வேட்டை அவள் பக்கமே தள்ளினார் பேராசிரியர்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஆய்வு அவளுடையது அல்ல, கணவனுடையது. எழுதி முடித்த கையோடு மாரடைப்பில் போய்விட்டான்.

இறந்தவர்களின் ஆய்வேட்டை இருக்கிறபடியே ஏற்றுப் பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு சலுகை உண்டு. வழிகாட்டியின் கையெழுத்து மட்டும் போதும். அதைத்தான் இவர் போட மாட்டேன் என்கிறார்.

கணவனோடு ஒரே அறையில் ஆய்வு செய்த நண்பனுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. “கல் நெஞ்சு அண்ணி அவருக்கு. போய்ச் சேர்ந்தவர்கிட்டயா கமாவும் புள்ளியும் பார்க்கிறது?”

அந்த அறையிலேயே உட்கார்ந்து, நண்பனின் லேப்டாப்பில் ஆய்வேட்டைத் திறந்தார்கள். மேற்கோள் எண் வரவேண்டிய இடத்திலெல்லாம் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் வருஷமும் பல்லைக் காட்டின. வேர்டு தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது, மேற்கோள்களைக் கவனிக்கும் ப்ளக்-இன்னை முடக்கிவிட்டிருந்தது. நண்பன் செட்டிங்ஸில் நுழைந்து அதைத் தட்டி எழுப்பினான். எழுந்தது. எழுந்ததும், நூல் பட்டியலைக் காணோம் என்றது.

பட்டியல் வீட்டில், கணவனின் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. பென்டிரைவில் எடுத்து வந்தாள். திறக்க மறுத்தது. அந்த ஃபைலோடு அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் இருக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் உயிர் வரும் என்பதை நண்பன் அப்புறம்தான் கண்டுபிடித்தான். மறுபடி வீட்டுக்கு ஓடினாள்.

பட்டியல் திறந்தபோது நூல்களுக்குப் பக்கத்தில் கணவனின் குறிப்புகள். ‘மூணு பக்கம் சுத்தி வளைச்சு ஒண்ணுமே சொல்லலை இந்த ஆளு’ என்று ஒன்றில் எழுதியிருந்தான். அவன் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்துபோய் அழுதுவிட்டு வந்தாள்.

நண்பன் பட்டனை அழுத்தினான். அடைப்புக்குறிகள் மறைந்து, எண்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

மறுநாளே கொண்டுபோனாள். பேராசிரியர் புரட்டிப் பார்த்தார். ஒரே நூல் இரண்டு எண்ணில் வருகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனிப் பொறுக்கக்கூடாது, மேலே புகார் கொடுப்போம், சாட்சிக்கு நான் வருகிறேன் என்றான் நண்பன். அவளுக்கும் கோபம்தான். ஆனால் புகார் கொடுக்கவில்லை. தினமும் கடை முடிந்து வந்து, மருந்து அட்டையில் காலாவதித் தேதி பார்க்கிற அதே கண்ணோடு பட்டியலைப் பார்த்தாள். இரட்டையாகப் பதிந்திருந்தவற்றை ஒன்றாக்கினாள். நூலை வரவழைத்துப் பார்த்து வருஷங்களைத் திருத்தினாள்.

அடுத்த முறை பேராசிரியர் கடைசிப் பக்கம் வரை பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஆபீஸில் நானே கொடுத்துவிடுகிறேன் என்று ஏட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அவள் பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சில மாதம் கழித்து அவளை வரச் சொன்னார் பேராசிரியர். அவள் போனபோது அவர் போனில் இருந்தார். ஆய்வேட்டை மதிப்பிட்ட வெளியூர்த் தேர்வாளர் பேசுகிறார், நீயே கேளும்மா என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு ஆய்வை ரசிச்சுப் படிச்சேன் சார். ஒரு மேற்கோள்கூடத் தப்பு இல்லை. அந்தப் பையனை எங்க ஆய்வகத்துக்கே அனுப்பிடுங்க. எப்போ சேர முடியும்னு கேட்டுச் சொல்லுங்க.”

சாயங்காலம் நானே கூப்பிட்டு விவரம் சொல்கிறேன் என்று போனை வைத்தார் பேராசிரியர்.

அவள் விக்கித்துப்போய் நின்றாள். “சார், அவர் இல்லைங்கிறதே இவருக்குத் தெரியாதா?”

“நான் சொல்லலைம்மா. அந்தச் சலுகையையும் கேட்கலை. எல்லாரோடதும் போற மாதிரிதான் இதையும் அனுப்பினேன். சொல்லியிருந்தா, ஐயோ பாவம்னு பாஸ் போட்டிருப்பாங்க. ஐயோ பாவம்னு பாஸாகிற ஆளா அவன்?”