கயிறு இழுத்த பக்கம்

"கால் தளர்ந்துபோச்சு சார் அவனுக்கு. இதை என் வாயால சொல்றது கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மைதானத்து ஓரம், தண்ணீர்க் குழாயடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கோச் அவர் முகத்தையே பார்த்தார்.

அவன் என்றது தன் மனைவியின் தம்பியை. பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பார்வையற்றவர்களுக்கான ஓட்டத்தில் பார்வையுள்ள ஒருவர் துணைக்கு ஓட வேண்டும். இரண்டு பேர் கையையும் ஒரு சின்னக் கயிறு இணைத்திருக்கும். மச்சினனுக்குப் பல வருஷமாகத் துணை ஓடுவது மருந்துக்கடைக்காரர்தான்.

அடுத்த மாதம் பெரிய போட்டி. கிளப்பிலிருந்து ஒரு ஜோடிதான் போக முடியும். இந்த வருஷம் விட்டால் மச்சினனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆனால் கொஞ்ச காலமாகவே இந்த ஜோடியின் வேகம் இறங்கிக்கொண்டே வந்தது.

"அவன்தான் மெதுவாகறான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் கோச்.

"கயிறே சொல்லுதே சார். கடைசிச் சுத்துல பின்னாடி இழுக்குது. சரின்னு நானும் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கு. வாய் மட்டும் ஓயறதில்லை. ஓடும்போதும் கதைதான். அதுல பாதித் தெம்பைக் காலுக்குக் கொடுத்தா எங்கேயோ போயிருப்பான்."

அப்படியானால் புதிதாகச் சேர்ந்த பேங்க் ஊழியரை அனுப்பிவிடலாமா என்று கோச் கேட்டார். அவருக்கும் பார்வை இல்லை, நன்றாக ஓடினார். மருந்துக்கடைக்காரர் தாராளமாக அனுப்பலாம் என்றார். உறவு வேறு, விளையாட்டு வேறு என்றும் சொன்னார். சொல்லும்போது தன் நேர்மை மேல் அவருக்கே ஒரு மரியாதை வந்தது.

வீட்டில் மச்சினனிடம் சேதியைச் சொன்னார். அவன் சிரித்தான்.

"விடுங்க அத்தான். இனிமே காலையில இழுத்துப் போர்த்திட்டுத் தூங்கலாம். அலாரத்துக்கும் ஓய்வு கொடுத்த மாதிரி ஆச்சு."

மனைவி மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காததற்கு ஒரு முறைப்பு. தம்பிக்கே வருத்தமில்லை, அக்காவுக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டார் மருந்துக்கடைக்காரர். ஒரு வாய்ப்பு கைவிட்டுப் போகிறது, சிரிக்கிறான். இந்த அலட்சியம்தான் அவனைக் கெடுத்தது என்றும் தோன்றியது.

பேங்க் ஊழியருக்குச் சரியான துணை கிடைக்கும்வரை மருந்துக்கடைக்காரரையே ஓடச் சொன்னார் கோச்.

முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றின் வளைவில் கயிறு முன்னால் இழுத்தது. மருந்துக்கடைக்காரர் எட்டிக் கால் வைத்துப் பார்த்தார். கயிறு இன்னும் விறைத்தது.

"சார், மெதுவாப் போகலாமா?" என்று கேட்டார் பேங்க் ஊழியர். "உங்களுக்கு ரொம்ப இரைக்குது."

"அதெல்லாம் இல்லையே."

"என் காதுக்குப் பக்கத்துலதானே ஓடறீங்க? முதல் சுத்துலயே ஆரம்பிச்சாச்சு. தண்ணி வராத பம்பு மாதிரி சத்தம். கோவிச்சுக்காதீங்க."

பதிலுக்குக் காத்திராமல் பேங்க் ஊழியர் வேகத்தைக் குறைத்தார். கயிறு மெல்லப் பின்னால் இழுத்தது.

மருந்துக்கடைக்காரருக்கு அந்த இழுப்பு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் கையில் உணர்ந்தது.

அப்படியே நின்றுவிட்டார்.

ஓடினால் மூச்சு வாங்காதா என்று அலட்சியமாக விட்டிருந்தார். தெருவில் பாதிப் பேரின் இருமலுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர், தன் மூச்சைக் கேட்டதில்லை. மச்சினன் கேட்டிருக்கிறான். கேட்டு, தன் காலைப் பிடித்து வைத்திருக்கிறான். அத்தான் பதில் பேசி இருக்கிற மூச்சையும் செலவு செய்யக் கூடாது என்றுதான் பேச்சையும் அவனே பேசியிருக்கிறான்.

கோச்சிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். தன்னை நீக்கிவிட்டு வேறு யாரையாவது துணைக்குப் போட்டு மச்சினனை ஓட விடுங்கள் என்று கெஞ்சினார்.

பேங்க் ஊழியர் பெயரைக் கொடுத்தாகிவிட்டது, மாற்றுவதற்கான கெடுவும் முடிந்துவிட்டது என்றார் கோச்.

"என்னை மட்டும் கேட்டு முடிவு பண்ணிட்டீங்களே சார். அவனையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

கோச் திரும்பிப் பார்த்தார். மைதானத்தில் பேங்க் ஊழியர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தனியாக நின்றிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே அவனைக் கேட்டேன் சார். துணையை மாத்தட்டுமான்னு. 'அத்தான் மேல ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் முன்ன மாதிரி ஓட்டம் வரலை'ன்னு சொன்னான். நான் நம்பலை. அதனாலதான் உங்களைக் கேட்டேன்."