முள்ளுப் பங்கு

"அய்யா, நெலத்துல என் பங்கைப் பிரிச்சுக் குடுங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த முனியசாமியின் கை தட்டிலேயே நின்றது. அடுப்படியில் பாண்டியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். எதை வேண்டுமானாலும் கேளு, இதை மட்டும் கேட்டுவிடாதே என்று மகளுக்கு அவள் சொல்லாத நாள் இல்லை.

"ஏ புள்ள, காலேஜுக்கு அனுப்புனது இதைக் கேக்கத்தானா?" என்றார் முனியசாமி.

"ஆமாய்யா. அங்கன இதையும் சொல்லிக் குடுத்தாக."

அந்த வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் சண்முகவள்ளி. அண்ணன் காளிதாஸ் அரும்பு மீசையிலேயே சென்னைக்குப் போய், கல்யாண மேடை அலங்காரத்தில் ஆளாகிவிட்டான். இப்போது ஊரில் தொழில் தொடங்க வந்திருக்கிறான்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அவர்களுக்கு அடுத்தடுத்து இரண்டு வயல்கள். கிணறு இருந்தது கிணத்துச்செய். பனை நின்றது பனைச்செய். பனை விழுந்து, விவசாயமும் நின்றபின் இரண்டையும் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. எது எங்கே முடிகிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. காளிதாஸும் கிட்டத்தட்ட வெளியாள்தான்.

கிணத்துச்செய்யைச் சுத்தம் பண்ணி, கல்யாண ரிசப்ஷனுக்கு லான் போடச் சொல்லி, ஊருக்கு வருமுன்பே அவன் சென்னையிலிருந்து போனில் உத்தரவு போட்டிருந்தான். ஜேசிபி வந்தது. முள் வேரோடு போனது. வண்டல் மண் வந்தது. புல்லைப் பாய் போலச் சுருட்டி லாரியில் கொண்டுவந்து விரித்தார்கள். எல்லாவற்றுக்கும் வெயிலில் நின்று வேலை வாங்கியவள் வள்ளி. முனியசாமி அந்தப் பக்கமே போகவில்லை. மாடு மேயாத புல்லைப் போய் எவன் பார்ப்பான் என்பது அவர் கட்சி.

"பங்காம்ல பங்கு," காளிதாஸ் சிரித்தான். "உன் கல்யாணத்துக்கு நகை போடப்போறோமே, அது என்ன?"

"அதை நீயே வச்சுக்கண்ணே. உன் தொழில் லோனுக்கு என் கையெழுத்தும் வேணும்னு பேங்க்குல சொல்லிட்டாகளாமே. பங்கைக் குடு. போடுறேன்."

காளிதாஸின் சிரிப்பு காணாமல் போனது. அய்யாவைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது குரலில் சர்க்கரை இருந்தது.

"சரி தாயி. செய் ரெண்டு, நாம ரெண்டு பேரு. கிணத்துச்செய் எனக்கு, பனைச்செய் உனக்கு."

"லான் உனக்கு, முள்ளு எனக்கா?"

"லான் போட்டது என் காசுல."

"வெயில்ல நின்னது நானு."

"நிக்கிறதுக்கு என்ன, மாடு கூடத்தான் நிக்கும்."

வள்ளி பல்லைக் கடித்தாள். "சின்னதுலயிருந்து மிச்சம்தான் எனக்கு. உன் ஓட்டைச் சைக்கிளு, அட்டை இல்லாத பொஸ்தகம், மீன் கொழம்புல வாலுத்துண்டு."

"வாலைத் தின்னுதானே டிகிரி வாங்குன. இந்த முள்ளை வெட்டி மூட்டம் போடு. கரி வித்தே கோடீஸ்வரி ஆயிருவ."

முனியசாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாண்டியம்மாள் மட்டும் முனகினாள்: "வாயைத் தொறக்காதடின்னு சொன்னேன். இப்பப் பாரு, முள்ளுதான் கெடைச்சுச்சு."

"எழுதிட்டுப் பெறகு மாத்திப் பேசக் கூடாது," என்றாள் வள்ளி.

"யாரு, நானா? பேசுனா என் மீசையை எடுத்துக்க."

அடுத்த வாரமே பத்திரம் பதிவானது. கிணத்துச்செய் காளிதாஸுக்கு, பனைச்செய் சண்முகவள்ளிக்கு. லோனுக்கும் அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். காளிதாஸ் எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அய்யாவின் மூக்குக்கு நேராகப் போனை நீட்டினான்.

"நேர்லதான் வர மாட்டீங்க. வீடியோவையாவது பாருங்கய்யா. எம்புட்டு சமமா இருக்கு பாருங்க. கிணறு இருந்த தடமே தெரியல. ஜேசிபிக்காரன் அப்படி மூடியிருக்கான்."

முனியசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். போனைத் திருப்பிப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏலே, கெணத்துச்செய் பள்ளக்காடாச்சே. இது என்ன மேடா இருக்கு?"

"மண்ணடிச்சோம்லய்யா."

"அம்மாம்பெரிய கெணத்தை எத்தனை லாரி மண்ணுலடா மூடுனீக?"

காளிதாஸ் வாசலைப் பார்த்தான். அங்கே வள்ளி சுருட்டிய ரப்பர் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பில் கால் நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"பனைச்செய்க்கு."

"முள்ளுக்கு எதுக்குக் குழாயி?"

"முள்ளு உன் செய்யிலண்ணே. கிணறும் அங்கனதான், முள்ளுக்குள்ள பத்திரமா கெடக்கு." வள்ளி படியிறங்கினாள். "ஜேசிபிக்காரருக்கு இதுதான் செய்யின்னு கைகாட்டி விட்டது யாரு? மிச்சம் எப்படியும் எனக்குத்தான் வரும்னு தெரியும். அதான் மிச்சத்துல லானைப் போட்டேன். வாரேன், என் புல்லுக்குத் தண்ணி விடணும். மாத்திப் பேசணும்னா அந்த மீசையை எடுத்து வையி."