மணிக்கூண்டு

"அண்ணி, இந்தக் கீபோர்டையும் தூக்கிப் போட்டுடலாம். ஒரு கீ மொட்டையாயிடுச்சு பாருங்க."

கொழுந்தன் காட்டியது வலப்பக்க அம்புக்குறி. அம்பு அழிந்து, சப்பி எடுத்த மிட்டாய் போல வழவழவென்று இருந்தது. மற்ற எழுத்துகளெல்லாம் புத்தம்புதிதாக இருந்தன.

"அவர் கை பட்டது. இருக்கட்டும்" என்றாள்.

கணவர் போய் நான்கு மாதம். பாட்டுகளைப் பதிவு செய்து மெருகேற்றித் தருவது அவர் தொழில். பாடுவது அவள். வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. அவருடைய கடைசிப் பாட்டில் நாலு வரி மட்டும் அவள் குரலுக்காகக் காலியாகக் கிடந்தது. அதை நிரப்பாமல் அந்த அறைக்கதவைச் சாத்த அவளுக்கு மனம் வரவில்லை.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. புது விண்டோஸ் அதில் ஏறாது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கொழுந்தன் காலையிலேயே வந்து விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டான்.

லினக்ஸ்! எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பார் மனுஷன்.

ஃபேன் இரைச்சல் குறையும் என்பார். வைரஸ் பயம் இல்லை என்பார். எதுவும் எடுபடாவிட்டால், லினக்ஸின் சின்னத்தைக் காட்டி, "அந்தப் பென்குவின் மூஞ்சிக்காகவாவது மாத்தலாம்டி" என்பார். நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்ற வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நிற்பாள். சரியென்று விட்டுவிடுவார். ஆறு மாதம் கழித்து வேறொரு காரணத்தோடு வருவார்.

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். காதுக்குள் தாளம் காட்டும் டிக் டிக்.

அது அவளுக்குத் தேவையே இல்லை என்பது அவர் கட்சி. "மணிக்கூண்டுக்கு எதுக்குடி கைக்கடிகாரம்?" என்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். பதினோரு வருஷத்தில் ஒரு பாட்டில்கூட அவள் தாளம் தப்பியதில்லை. அந்த ஒரு கர்வம் அவளுக்கு உண்டு.

பாடி முடித்ததும் அவளை வெளியே அனுப்பிவிடுவார். சாத்திய கதவுக்குள் வெகுநேரம் டக் டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். என்ன செய்கிறீர்கள் என்றால் உள்ளிருந்து ஒரே பதில்தான்: "தூசி தட்டுறேன்."

பாடினாள்.

முதல் சொல்லிலேயே திடுக்கிட்டாள். குரல் வாயில் பிறக்கும்போதே காதில் இருந்தது. தன் குரலை இவ்வளவு பக்கத்தில் அவள் கேட்டதே இல்லை. மேல் சிலிர்த்தது.

கொழுந்தன் போட்டுக் காட்டினான். நாலு வரியும் தாளத்துக்கு முந்தி விழுந்தன. ஒரு மயிரிழைதான். ஆனால் திரையில் ஒவ்வொரு தாளக் கோட்டுக்கும் இடப்பக்கம், அவள் குரல் அவசரக்காரியைப் போல மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

மறுபடி பாடினாள். மறுபடி மூக்கு.

"உங்க பென்குவின்தான் ஏதோ பண்ணுது தம்பி."

அவன் தாளத்துக்குச் சரியாக மைக்கை விரலால் தட்டிப் பார்த்தான். அம்சமாகக் கோட்டின்மேல் விழுந்தது.

"பென்குவின் பாவம் அண்ணி, அதை விட்டுடுங்க."

அப்படியென்றால் அவள்தான். அவர் போனதோடு தாளமும் போய்விட்டது.

"பழைய பாட்டு ஒண்ணு எடுங்க. நான் எப்படிப் பாடியிருக்கேன்னு பார்க்கணும்."

எடுத்தான். குரல் கோட்டின்மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மணிக்கூண்டேதான். ஆனால் அவன் திரைக்கு அருகே குனிந்தான்.

"இதெல்லாம் நகர்த்தி வச்சிருக்கு அண்ணி."

பதிவான இடத்துக்கே திரும்பும்படி ஒரு கட்டளை கொடுத்தான்.

யாரோ ஊதிவிட்டாற்போல, குரல் துண்டுகள் அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்தன. ஒவ்வொன்றும் கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டியது.

இன்னொரு பாட்டு. அதிலும் அப்படியே. இன்னொன்று. ஐந்து வருஷத்துக்கு முந்தையது, பத்து வருஷத்துக்கு முந்தையது. நகர்த்திய அளவுகூட ஒன்றுபோல் இல்லை. ஒரு சொல்லுக்குக் கொஞ்சம் கூட, ஒரு சொல்லுக்குக் கொஞ்சம் குறைய. ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டு, கையால் தள்ளியிருக்கிறார்.

பதினோரு வருஷம். அவள் வாய்விட்டுப் பாடிய ஒவ்வொரு வரியும்.

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "பழைய செட்டப்புல உங்க குரல் ஹெட்ஃபோனுக்கு லேட்டா வந்திருக்கு. காதுல சரியா விழணும்னு நீங்க முந்திப் பாடிப் பழகிட்டீங்க. லினக்ஸ் போட்டிருந்தா அந்த லேட்டே இருந்திருக்காது. அண்ணனுக்கு இது தெரியாமயா இருந்திருக்கும்? உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அவள் அந்த மொட்டைக் கீயைப் பார்த்தாள்.

ஃபேன் இரைச்சலைச் சொன்னார். வைரஸைச் சொன்னார். பென்குவினைக்கூடச் சொன்னார். இந்த ஒரு காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்வதானால், மணிக்கூண்டு முந்தி ஓடுகிறது என்று மணிக்கூண்டிடமே சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"இந்த நாலு வரிய நான் தள்ளி வச்சிடட்டுமா?" என்று அவன் மவுஸைப் பிடித்தான்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மொட்டைக் கீயின்மேல் விரலை வைத்தாள். நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. விரல் தானாக அதில் உட்கார்ந்தது.

டக். குரல் இம்மியளவு வலப்பக்கம் நகர்ந்தது. கண்ணை மூடிக் கேட்டாள். டக். டக்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"தூசி தட்டுறேன் தம்பி."