ஒரு சான்றிதழ் பாக்கி

"ஓடிப்போன அந்த மனுசன் எங்கன செத்தாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்மா, நம்ம வேலை முடிஞ்சுது" என்று அனுராதா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

வடிவம்மாள் எட்டிப் பார்க்கவில்லை. கூடத்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். வெளியே வாழைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கும். எந்த டாக்டராலும் காரணம் சொல்ல முடியவில்லை.

ஓடிப்போனவர் வடிவம்மாளின் அப்பா. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இன்ஜினீயராக இருந்த அயர்லாந்துக்காரர், டெர்மட் துரை. வடிவம்மாளின் அம்மாவை, அதாவது அனுராதாவின் ஆச்சியை, ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டவர். பிறந்த வீட்டுக்கு வந்திருந்த ஆச்சியையும் ஆறு வயது வடிவையும் அம்போவென்று விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார் என்பது ஸ்ரீவைகுண்டமே அறிந்த கதை.

அதன்பிறகு ஆச்சி சாகும்வரை தன் அண்ணன்மாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கம் என்று ஊர் சொல்லிக்கொண்டது.

அந்தக் கதையாலேயே அனுராதாவுக்கு இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. தாத்தா அயர்லாந்தில் பிறந்திருந்தால் பேத்தி அந்த நாட்டுக் குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம், பாஸ்போர்ட்டும் வாங்கலாம் என்று தெரிந்தபோது அவளுக்கு ஒரு வெறியே பிறந்தது. துரையின் பிறப்புச் சான்றிதழை அங்கிருந்து வரவழைத்தாள். திருமணச் சான்றிதழைப் பாளையங்கோட்டையில் தோண்டி எடுத்தாள். இறப்புச் சான்றிதழ்தான் பாக்கி.

"ஒரு தடவையாவது அவரு நமக்கு உதவட்டும். ஆனா அயர்லாந்துல அப்படி ஒரு சாவே பதிவாகலியாம். இங்கிலாந்துலயும் இல்ல. நேத்து ராத்திரி அவரு தங்கச்சி மகள்ட்ட போன்ல பேசிட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"அவரு அங்க வந்து சேரவே இல்லைங்காவ. அந்தம்மாவோட அம்மை சாகுத வரைக்கும் மாடி ரூம்ல ஒரு பெரிய கட்டிலும், பக்கத்துல ஒரு குட்டிக் கட்டிலும் விரிச்சே வச்சிருந்தாவளாம். வாராவாரம் போர்வை மாத்துவாவளாம்."

வடிவம்மாளின் கை ஜன்னல் கொக்கியிலேயே நின்றது.

"குட்டிக் கட்டிலா?"

"ஆமாம்மா. அது யாருக்குன்னு யாரு கேட்டாலும் சொல்ல மாட்டாவளாம். நான் யாரு மகள்னு சொன்னதும் அந்தம்மா அழுதுட்டாவ."

வடிவம்மாள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. அனுராதா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். வடிவம்மாள் குடிக்கவில்லை. செம்பைக் கையில் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவரு ஓடலட்டி" என்றாள் கடைசியில்.

"என்னம்மா சொல்லுத?"

"எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்தாரு. எனக்குச் சிவப்புல ஒரு கம்பளிச் சட்டை வாங்கிட்டு வந்தாரு. அங்கன ரொம்பக் குளிரும்னு சொல்லி, அவரே மாட்டிவிட்டாரு."

முப்பது வருஷமாக வெறுத்த மனிதர் ஒரு குழந்தைக்குப் பொத்தான் போட்டுவிடுவதை அனுராதாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"வாசல்லயே மாமாக்கமாரு மறிச்சிட்டாவ. என்னையும் அம்மையையும் உள்ரூம்ல போட்டுப் பூட்டிட்டாவ. விடிஞ்சப்புறம்தான் கதவைத் திறந்தாவ. துரை கப்பலுக்குப் போயிட்டாருன்னு சொன்னாவ."

"நீ நம்புனியா?"

"உள்ரூம்லயும் ஒரு ஜன்னல் உண்டுல்லா. அன்னைக்கு ராத்திரி பூரா வாழைக்குத் தண்ணி பாஞ்சுது."

சாத்திய ஜன்னல்களையும் மீறித் தண்ணீர் பாயும் சத்தம் கூடத்துக்குள் வந்தது.

"அப்போ... அவரு எப்பதாம்மா கப்பல் ஏறுனாரு?"

வடிவம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள், வகுப்பில் டிக்டேஷன் சொல்லும் அதே நிதானமான குரலில் சொன்னாள்:

"எழுதிக்கோட்டி. இறந்த இடம், நம்ம வாழைத்தோட்டம்."